வாதியில் ஆலங்கட்டி பெய்த அன்று

ஐஸ் மழை வீடியோவை எனக்கு அனுப்பாதே என்று ஜெகனிடம் எத்தனை முறை சொன்னாலும் அவன் காதில் ஏறுவதில்லை. போன குளிர்காலத்திலும் ஒன்று அனுப்பினான். பாலைவனம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. நாலைந்து நம்மூர்க்காரர்கள் ஆலங்கட்டியை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து சிரிக்கிறார்கள். பார்த்த கையோடு அழித்தேன். அடுத்த நிமிடமே அவனிடமிருந்து போன்.

நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் நான் ஓட்டிய வண்டியை இப்போது ஓட்டுபவன் ஜெகன். மண்ணையும் கல்லையும் முன்னால் இருக்கும் பெரிய வாளியில் அள்ளும் அந்த வண்டியை வளைகுடாவில் ஷவல் என்போம்.

"அண்ணே, புது ஷவல் வந்திருக்கு. கதவத் தொறந்தாலே சேப்டி ஆபீசர் கத்துறான். உள்ள ஏசி, கேமரா எல்லாம் இருக்கு. நீங்க மட்டும் வாதில எறங்குறதுக்கு முந்தி எஞ்சின ஆப் பண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனீங்க. அது எதுக்குண்ணே?"

"எதுக்குன்னு தெரியாமத்தான் இத்தன நாளும் ஆப் பண்ணினியாடே?"

"நீங்க சொன்னீங்கன்னு செஞ்சேன்."

போனில் சொல்கிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அவன் கேட்டது ஒன்று, எனக்கு வருவது வேறொன்று. போகட்டும்.

நான் குமரிமாவட்டத்துக் கடற்கரைக்காரன். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு அலையைக் கண்டால் குமட்டும். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டாம் என்பார்கள். இந்தக் குஞ்சு கரையிலேயே கிடந்தது. சவூதியில் ஜுபைலில் ஹெல்பராகப் போய்ச் சேர்ந்து, ஆபரேட்டர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஷவல் ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, பிறகு அமீரகத்துக்கு வந்தேன். தண்ணீருக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடியவனைக் கம்பெனி தண்ணீர் வேலைக்கே போட்டது. தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும்?

ராஸ் அல் கைமாவிலிருந்து கிழக்கே போனால் மலைகள் தொடங்கும். புல் பூண்டு இல்லாத மொட்டை மலைகள். நடுவில் கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும் ஆறுகள். அவற்றைத்தான் வாதி என்பார்கள். ஆண்டு முழுக்க ஆடும் கழுதையும் அதில் மேயும். குளிர்காலத்தில் ஏதோ ஓரிரு நாள் மழை பெய்யும். மண்ணே இல்லாத மலையானதால் விழுந்த தண்ணீர் அத்தனையும் வழுக்கிக்கொண்டு வாதிக்கு வந்துவிடும். எங்கள் டூட்டி இருந்த இடத்தில், மலைக்குள் ஒரு சிறு ஊருக்குப் போகும் ஒரே ரோடு வாதியின் குறுக்கே இறங்கி ஏறியது. மழை மேகம் கண்டால் இருபுறமும் மண்ணைக் குவித்து ரோட்டை அடைக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின் கல்லையும் மரத்தையும் அகற்றித் திறக்க வேண்டும். ஊரில் பால் இல்லை, மாவு இல்லை என்று வண்டிகள் நின்று ஹாரன் அடிக்கும். எப்போது திறப்பது என்று சொல்லும் பொறுப்பு ஃபோர்மேனுடையது.

ஃபோர்மேன் பஹ்ராம் கான், பாகிஸ்தானில் ஸ்வாத் பக்கத்துப் பட்டாணி. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எல்லோரையும்போல நானும் உஸ்தாத் என்றே கூப்பிட்டேன். அவர் கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் வாளியின் பல்லை ஒருமுறை பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். அவ்வளவுதான். அன்று இரவு சோறு இறங்காது. எங்கள் கேம்பில் மலையாளி, வங்காளி, பட்டாணி என்று எல்லோரும் ஒருவரையொருவர் கேலி பேசுவோம். அவரைப் பற்றிக் கேலி பேச மட்டும் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவருடைய முறை இதுதான். வெள்ளம் வடிந்து வாதி காய்ந்து கிடந்தாலும், வெயிலே அடித்தாலும், நேரே வண்டியை இறக்க விடமாட்டார். கரையில் நிறுத்தச் சொல்வார். "பந்த் கரோ" என்பார். ஷவல் இஞ்சின், பிக்கப் இஞ்சின், காத்து நிற்கும் ஊர்க்காரர்களின் வண்டி எல்லாம் அணைய வேண்டும். ரேடியோ கூடாது. பேச்சு கூடாது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வாதியின் ஓரத்துக் கல்லில் வெறுங்காலோடு நிற்பார், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. வெள்ளத்துக்கு முன்னால் அதன் சத்தம் வரும், சத்தத்துக்கும் முன்னால் காலில் ஒரு அதிர்வு வரும் என்பது அவர் நம்பிக்கை. அடியில் பாறைகள் உருண்டு வரும் சத்தம் அது. நம் தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்திருக்கும். தண்ணீர் நம்மிடம் வந்துசேரும்போது மழை எப்போதோ நின்றிருக்கும்.

முதல் தடவை நான் சிரித்தேன். ஒருமுறை ஊர்சுற்ற வந்த குடும்பம் ஒன்று காரோடு வாதியின் நடுவில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. உஸ்தாத் வெறுங்காலோடு நின்று கேட்டுவிட்டு, "கல் உருளவில்லை, போ" என்றார். போனேன். வாளியைத் தாழ்த்தி, கார் ஜன்னலோடு ஒட்டவைத்து, பிள்ளைகளையும் அவர்கள் தாயையும் தகப்பனையும் வாளியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். கடலுக்குப் பயந்த சேவியர் தண்ணீரில் ஆள் எடுத்தான் என்று ஊர்வரைக்கும் செய்தி போனது. கொஞ்ச நாள் காலர் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன்.

கருப்பையாவை அதற்குப் பிறகுதான் தெரியும். ராமநாதபுரம் பக்கத்துக்காரன். வாதியின் அக்கரையில் அரபி ஒருவரின் பேரீச்சந் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சி, ஆடு பார்த்துக்கொண்டு தனியாக இருந்தான். வெள்ளிக்கிழமை எங்கள் கேம்புக்கு வருவான். நான் மீன்குழம்பு வைப்பேன். "எங்கூர்ல குடிக்கத் தண்ணி கெடையாதுண்ணே. இங்க வந்து பேரீச்ச மரத்துக்குத் தண்ணி காட்டுறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் பேச்சில் பாதி அவன் மகள் தர்ஷினியைப் பற்றித்தான் இருக்கும். இரண்டாங் கிளாஸ் படித்தாள்.

அந்த மலைக்குள் போனில் சிக்னல் கிடையாது. வாதியின் நடுவில் ஆள் உயரத்துக்குமேல் ஒரு பாறை உண்டு. மலை அங்கே கொஞ்சம் விலகுவதால் அதன் பக்கத்தில் நின்றால் மட்டும் சிக்னல் வரும். சுற்றியிருந்த தோட்டங்களில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சாயங்காலமானால் அந்தப் பாறைக்கு வந்துவிடுவார்கள். பள்ளிவாசலுக்குப் போவதுபோலத் தவறாமல் வருவார்கள். அங்கே நின்றுதான் பெண்டாட்டியோடு சண்டை போட்டார்கள், பிள்ளைகளைக் கொஞ்சினார்கள், சாவுச் செய்தி கேட்டு அழுதார்கள். கருப்பையா தன் மகளுக்கு ஒட்டகம் காட்டியதும், கழுதை காட்டியதும், பேரீச்சம்பூ காட்டியதும் அந்தப் பாறையடியில் நின்றுதான். அப்பா முகத்தைவிட அப்பா காட்டுகிற சாமான்களைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆசை என்று குறைபட்டுக்கொள்வான். பெருமையும் அதில்தான்.

அன்று காலையிலிருந்தே மேகம். ரோட்டை அடைத்துவிட்டு நாங்கள் இக்கரையில் காத்திருந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு மழை வந்தது, கூடவே ஆலங்கட்டி. ஷவலின் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை. அரைமணி நேரம்கூட இராது, நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால் மலை, ரோடு, வாதி எல்லாம் ஒரே வெள்ளை. வெயில் வேறு அடித்தது. கண் கூசியது. இத்தனை வருட வளைகுடா வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்கும் மனசு துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

பின்னால் ஊர்க்காரர்களின் பிக்கப்புகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. வாதியில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. "மழை கலாஸ், முடிந்தது. ரோட்டைத் திற, யல்லா" என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். உஸ்தாத் அவருக்கு மரியாதையாக சலாம் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பந்த் கரோ" என்றார்.

இஞ்சின்கள் அணைந்தன. உஸ்தாத் செருப்பைக் கழற்றினார். அந்த ஐஸ்மேல் வெறுங்காலோடு நின்றார்.

அப்போதுதான் கருப்பையா அக்கரையிலிருந்து வாதிக்குள் இறங்குவதைப் பார்த்தேன். எங்களுக்குக் கீழ்ப்பக்கம், நன்றாகவே தள்ளி. கையில் போன். குனிந்து ஒரு கை ஐஸ் அள்ளுகிறான், சிரிக்கிறான், பாறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறான். உருகுவதற்குள் மகளுக்குக் காட்ட வேண்டுமே. ஊரில் பள்ளிவிட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும் நேரம்.

"எலே கருப்பையா! மேல போடே!" என்று கத்தினேன். உஸ்தாத் கை நீட்டி என்னை அடக்கினார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கருப்பையா என்னைப் பார்த்து, இதோ வந்துவிடுகிறேன் என்று போனைத் தூக்கிக் காட்டினான். பிறகு காதில் இயர்போனை மாட்டினான்.

அதற்குள் உஸ்தாத் முகம் மாறிவிட்டது. "பத்தர்," என்றார். கல்.

எனக்கும் கேட்டது. எங்கோ தூரத்தில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல. ஆனால் கொட்டி நிற்கவில்லை, கொட்டிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் கத்தினோம். ஹாரன் அடித்தோம். அவன் எங்களுக்கு முதுகு காட்டி, போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஐஸைக் காட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் கொஞ்சம் கேட்டிருக்கலாம். அந்த நாட்டில் எதற்குத்தான் ஹாரன் அடிக்க மாட்டார்கள்? வா, ஏறு, ஏறு என்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினோம். நான், உஸ்தாத், அந்தக் கிழவர், பிக்கப்காரர்கள், கரையில் நின்ற அத்தனை பேரும். அவன் திடீரென்று எங்கள் பக்கம் திரும்பினான். அப்பாடா என்றிருந்தது. அவன் முகமெல்லாம் சிரிப்பு. போனை எங்களை நோக்கித் திருப்பிப் பிடித்தான். மகளுக்கு எங்களைக் காட்டினான். இன்னொரு கையைத் தூக்கி எங்களுக்கு ஆட்டினான்.

தண்ணீர் முதலில் ஒரு நாக்கு அளவுக்குத்தான் வந்தது. அவன் காலைச் சுற்றியது. குனிந்து பார்த்தான். மேல்பக்கம் பார்த்தான். கரைக்கு ஓடியிருந்தால் ஒருவேளை. ஓடவில்லை. போன் திரையை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அதைச் சட்டைப் பைக்குள் திணித்தான். பிறகுதான் பாறைமேல் ஏறினான். அந்த நேரத்தில் அவன் முதலில் செய்தது மகளோடு பேசிய போனைக் கட் பண்ணியது.

நான் ஷவலில் தாவி ஏறினேன். பாறைக்கு வாளியைக் கொண்டுபோனால் அவன் ஒரு எட்டில் ஏறிவிடுவான். அந்தக் குடும்பத்தைத் தூக்கிய அதே வாளிதானே. சாவியைத் தேடிய என் கை வெறும் துளையைத்தான் தொட்டது. கீழே உஸ்தாத். எப்போது எடுத்தாரோ, சாவி அவர் கைக்குள் இருந்தது.

"உஸ்தாத், சாவி!"

"நஹீ, சேவியர் பாய்."

இறங்கி அவர் சட்டையைப் பிடித்தேன். வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் தமிழில் சொன்னேன். அவர் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அதற்குள் பெரிய வெள்ளம் வந்துவிட்டது. செம்மண் நிறத் தண்ணீர், அதன்மேல் உலை பொங்கும்போது எழும் நுரைபோல வெள்ளையாக ஐஸ். ஊர்க்கிழவர் சத்தமாக ஓத ஆரம்பித்தார். கருப்பையா பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்தான். அந்தத் தூரத்தில் அவன் கண் தெரிந்தது என்று சொன்னால் அது பொய்தான், ஆனால் எனக்குத் தெரிகிறது. வேரோடு ஒரு மரம் வந்து பாறையில் மோதியது. அது விலகிப் போனபோது பாறை மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாறையும் தெரியவில்லை.

அவனைத் தேடும் வேலையும் எங்களுக்கே வந்தது. மீட்புப் படையினர் ஹெலிகாப்டரில் மேலிருந்து பார்த்தார்கள், நாய் கொண்டுவந்தார்கள். ஆனால் வாதி வளையும் இடங்களில் வெள்ளம் குவித்துவிட்டுப் போன மரம், கல், சேற்றைக் கலைக்க ஷவல்தான் வேண்டும். ஆள் தேடும்போது அள்ளக் கூடாது. வாளியின் பல்லை மேலே தூக்கி, அடித் தகட்டை மட்டும் மண்ணில் படவைத்து, சாண் சாணாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முன்னால் ஒருவர் நடந்தபடி பார்ப்பார். அவர் கை தூக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். என் முன்னால் நடந்தவர் உஸ்தாத். அவரோடு நான் பேசவில்லை. அவர் கையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் மத்தியானம் கை தூக்கினார். இறங்கிப் போனேன். சேற்றுக்குள், வெயில் படாத இடத்தில், ஆலங்கட்டி உருகாமல் கட்டிகட்டியாகக் கிடந்தது. அதன் நடுவில் கருப்பையா. தொட்டால் கை விறைத்தது. உஸ்தாத் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஒரு கையால் அவன் தலையைத் தாங்கி, மறுகையால் முகத்துச் சேற்றைக் கழுவினார். காதோரம், இமை, மூக்கு என்று மெதுவாக, குளிப்பாட்டுகிற மாதிரி. தண்ணீர் போதவில்லை. என் பாட்டிலைக் கேட்டுக் கை நீட்டினார். கொடுத்தேன்.

அப்போதுதான் கேட்டேன். "சாவியைக் கொடுத்திருந்தால் இவன் பிழைத்திருப்பான் உஸ்தாத்."

அவர் நிமிரவில்லை. "அடியில் வந்த கல்லுக்கு உன் ஷவல் தீப்பெட்டி," என்றார். பிறகு, "இன்று நான் இரண்டு பேரைத் தேடியிருப்பேன். உன்னைக் கழுவ எனக்குத் தண்ணீர் ஏது?" என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். சரியாக இருந்து என்ன, மனசு இன்றுவரை ஒப்பவில்லை.

ஜெகன் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஏசி கேபினுக்குள் இருந்தால் கல் பேசுவது கேட்காது. கம்பெனி இப்போது மொபைலில் எச்சரிக்கை அனுப்புகிறதாம், மேலே அணை கட்டியிருக்கிறார்களாம். நல்லது. இருந்தாலும் கதவைத் திற, திட்டு வாங்கிக்கொள்.

இங்கேயே நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

அடுத்த லீவில் ராமநாதபுரம் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி விசாரித்ததும் ஒருவர் வீட்டுவாசல்வரை கொண்டுவந்து விட்டார். கருப்பையாவின் மனைவி முத்துலட்சுமி, "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அழுது முடித்த முகம். குடிக்க மோர் கொடுத்தாள். என்னத்தைப் பேசுவது? மீன்குழம்பைப் பற்றிச் சொன்னேன். "ஆமாண்ணே, சொல்லுவாரு. சேவியர் அண்ணன் வச்சா சட்டிய வழிச்சுச் சாப்புடலாம்னு" என்றாள். கடைசியாக என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "'ஆத்தா, அப்பா பெறகு கூப்புடுறேன்'னு புள்ளகிட்ட சொல்லிட்டு வச்சுட்டாரு. வெள்ளத்த புள்ள பாக்கலண்ணே. அது ஒண்ணுதான்."

தர்ஷினி பள்ளிச் சீருடையோடு கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அப்படியே அவனுடையது. நான் புறப்பட எழுந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"மாமா, அன்னைக்கி ஐஸ்ல கைகாட்டுனது நீங்கதான?"

"ஆமாம்மா."

"நாந்தான் மொதல்ல பாத்தேன். அப்பாவுக்குப் பின்னாடி எல்லாரும் கைகாட்டுனீங்க. யாரோ டாட்டா காட்டுறாங்கப்பான்னு நாந்தான் சொன்னேன்." என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவ மேல வரச் சொல்லியா மாமா கைகாட்டுனீங்க?"

முத்துலட்சுமி மோர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். அவளிடம்கூட அந்தப் பிள்ளை இதைக் கேட்டதில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இத்தனை மாதமாக அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறது, வந்திருக்கிறது.

"இல்ல மக்கா," என்றேன். "டாட்டாதான். ஒனக்குத்தான் காட்டினோம். ஒங்கப்பன் போனத் திருப்பிக் காட்டுனாம்லா, அதுல நீ தெரிவேன்னு."

"தண்ணி?"

"அது பெறவுதான் வந்துது. அப்ப யாருக்கும் தெரியாது."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"எப்புடிக் காட்டுனீங்க? காட்டுங்க."

வலது கையைத் தூக்கி, டாட்டா சொல்லும்போது ஆட்டுவதுபோல ஆட்டினேன்.

"ரெண்டு கையாலயும்ல காட்டுனீங்க," என்றாள்.

சிரிக்க முயன்றபடி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினேன். ஆட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் நிறுத்தவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளையும் மெதுவாகத் தன் இரண்டு கைகளையும் தூக்கி எனக்கு டாட்டா காட்டியது.